வலது பக்க ஸ்பீக்கர்

கார் ஸ்பீக்கர் திடீரென்று கெடுவதில்லை. இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்பமாட்டார்கள். நேற்று வரைக்கும் நன்றாகப் பாடியது, காலையில் போட்டால் கரகரக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். ஆறு மாதமாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கும். தினமும் கேட்கிற ஆளுக்கு அது தெரியாது. சத்தம் குறையக் குறைய வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார். கூட்டுகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

என் பெயர் கொளஞ்சிநாதன். வயது நாற்பத்தாறு. விருத்தாசலம் கடலூர் ரோட்டில் பத்தொன்பது வருஷமாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் செராமிக் பட்டறை. அகல் விளக்கும் பொம்மையும் செய்து அட்டைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா, சொல்கிறேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததற்கு வருத்தம் இருக்கிறது, தப்புச் செய்துவிட்டேன் என்ற எண்ணம்தான் இல்லை.

ஒரு கார் வந்தால் முதலில் நான் எதையும் கழற்ற மாட்டேன். டிரைவர் சீட்டில் உட்காருவேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எனக்குப் பழக்கமான ஒரு நாதஸ்வரப் பதிவைப் போடுவேன். பிறகு பிளேயரில் சத்தத்தை முழுக்க இடது பக்கம் தள்ளிக் கேட்பேன், முழுக்க வலது பக்கம் தள்ளிக் கேட்பேன், முன்னால், பின்னால். நாலு மூலையில் எந்த மூலை ஊமை என்று தெரிந்துவிடும். அப்புறம்தான் கதவின் உள்பலகையைக் கழற்றுவது. ஸ்பீக்கர் வயரில் ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் டப் டப் என்று சொல்ல வேண்டும். காகிதக் கூம்பை நாலு விரலால் மெல்ல அமுக்கினால் உரசல் இல்லாமல் உள்ளே போய் வர வேண்டும். மீட்டர் வைத்தால் நாலு ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் மாற்றிப் பார்ப்பது. இடது வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் கொடுப்பேன். கோளாறு வயரோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டால் குற்றம் பிளேயரில். வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் குற்றம் ஸ்பீக்கரில். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் குற்றவாளி தப்பிக்க வழியே இல்லை. உங்கள் வேலையும் இப்படித்தானே ஐயா.

மீட்டரைவிட எனக்கு என் காதின் மேல் நம்பிக்கை அதிகம். மீட்டர் சரி என்று சொன்ன ஸ்பீக்கரை நான் கெட்டது என்று சொல்லி, பிரித்துப் பார்த்தால் உள்ளே சுருள் கருகியிருந்ததை இந்த ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள். வேப்பூரிலிருந்தும் எங்கள் பக்கத்து மங்களூரிலிருந்தும் ஆட்கள் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் அந்தக் காதுதான். கடை வாடகைக் கடை, சாமான்கள் எல்லாரிடமும் இருப்பவை. எனக்கென்று இருந்தது அது ஒன்றே.

இனியவன் என் மனைவி சிந்தாமணியின் தம்பி. எட்டு வருஷமாக என்னோடு கடையில் இருந்தான். முப்பத்தொரு வயது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல வேலைக்காரன். வயர் இழுத்தான் என்றால் வண்டியின் தரைவிரிப்புக்கு அடியில் ஒரு சுருக்கம் தெரியாது. சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துக் குப்பியை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பான். அவனை எனக்குப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன வைகாசியில் ஒரு டாக்ஸிக்காரர் வண்டி வந்தது. இடது பின்னால் கரகரப்பு என்று சொன்னார். உட்கார்ந்து கேட்டேன். கரகரப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை, ஆனால் வலது பக்கம் மந்தமாக இருந்தது. ஈரத் துணியைப் போட்டு மூடியதுபோல. வயரை மாற்றினேன், வலது மந்தம். ஸ்பீக்கரை மாற்றினேன், அப்போதும் வலது மந்தம். கடைசியில் பிளேயரில் வலது பக்கத்தைக் கூட்டிவைத்துச் சரி செய்து அனுப்பினேன். அடுத்து கம்மாபுரத்து ஆள் ஒருவரின் புது வண்டி. அதிலும் வலது. அதற்கடுத்ததிலும்.

நான் அவசரப்படவில்லை. ஒரு மாதம் வந்த வண்டியையெல்லாம் நோட்டில் குறித்து வைத்தேன். இருபத்திரண்டு வண்டி, இருபத்திரண்டிலும் வலது. வண்டி வேறு, கம்பெனி வேறு, ஸ்பீக்கர் வேறு, வயர் வேறு. அப்படியென்றால் எல்லா வண்டிக்கும் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். என் கடையில் எல்லா வண்டியிலும் கை வைப்பவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான். ஆகவே மற்றவன்.

அவனை நான் உடனே சந்தேகப்பட்டுவிடவில்லை. கவனிக்கத் தொடங்கினேன். ஆவணியில் ஒரு நாள் டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பஞ்சர் கடை மறைவில் நின்று பார்த்தேன். நான் முடித்துவைத்த வண்டிக்குள் இனியவன் ஏறினான். ரோட்டை ஒருமுறை பார்த்தான். நான் வலது பக்கம் கூட்டிவைத்திருந்ததைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தான். இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினான். நான் திரும்பிப் போனபோது, "முடிஞ்சிது மாமா, வண்டிய எடுத்துக்கச் சொல்லிட்டேன்" என்று சிரித்தான். கூடப்பிறந்த தம்பியாக வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் அதையே செய்தான். நான் வலதைக் கூட்டிவைப்பேன், அவன் யாருக்கும் தெரியாமல் குறைத்துவிடுவான். வாடிக்கையாளர்களையும் கெடுத்து வைத்திருந்தான். வேப்பூரில் ஓட்டல் வைத்திருக்கும் பிரேம்நாத், பதினைந்து வருஷப் பழக்கம், இனியவன் கைபடாமல் நானே நேராகக் கொடுத்த வண்டியை ரெண்டாம் நாளே திருப்பிக்கொண்டு வந்து, "வலது பக்கம் காதுல அறையுதுங்க, ஊட்டுக்காரம்மா ஏறவே மாட்டேங்கறாங்க" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, இனியவனைப் பார்த்தார். அவர்களுக்குள் ஏதோ பேச்சு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அதற்குப் பிறகு ஊரே மாறிவிட்டது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஸ்பேர் கடையில் நான் போனதும் பேச்சு நின்றுவிடும், உதடுகள் மட்டும் அசையும். வீட்டிலும் அப்படித்தான். சிந்தாமணி அடுப்படியில் நின்றுகொண்டு முணுமுணுப்பாள். நான் பதில் சொல்லாவிட்டால் முன்னால் வந்து நின்று, "எத்தன தடவ கூப்புடுறது? மனசு எங்க இருக்குது ஒங்களுக்கு?" என்று சண்டைக்கு வருவாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனேன். அக்காளும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"இன்னா பேச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாமா. பொண்ணு ஊட்டுல இருந்து தகவல் வந்துச்சி, அதான்" என்றான் இனியவன்.

பெண் வீட்டுத் தகவலுக்கு எதற்கு அழுகை? சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன்.

அவனுக்கும் உள்ளே உறுத்தல் இருந்தது. மூன்று நான்கு முறை என் எதிரில் வந்து நின்று, "மாமா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்திருக்கிறான். நான் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன். ஒப்புக்கொள்ளப் போகிறான், ஒப்புக்கொண்டால் மன்னித்துவிடுவோம் என்றுதான் நினைப்பேன். அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்து, "ஒண்ணுமில்ல, அப்பால சொல்றேன்" என்று போய்விடுவான்.

தை மாதம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினேன். அந்தச் சாமியின் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். குறையை ஒரு தாளில் எழுதி முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டிவிட்டு வந்தால் தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்புக் கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நிலத் தகராறு, நகை காணாமல் போனது, எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். நான் இனியவன் பெயரை எழுதவில்லை. நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். "என் கடையில் சத்தத்தைக் கெடுப்பது யார் என்று எனக்குக் காட்ட வேண்டும். பெயரைக் காட்டினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கட்டினேன்.

நாட்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அறுபதாம் நாள் வாக்கில் இடது பக்கமும் மந்தமாகத் தொடங்கியது. வலதோடு நிறுத்திக்கொள்ளாமல் இடதிலும் கைவைத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன். எண்பதாம் நாளுக்கு மேல் சில வண்டிகளில் சத்தமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. ஸ்பீக்கரின் மேல் விரலை வைத்தால் துடிக்கிறது, சத்தம் வரவில்லை. இப்படி ஒரு கோளாறை நான் பார்த்ததே இல்லை. கெட்டிக்காரன்தான்.

தொண்ணூறாம் நாள் சித்திரை வெயில். பிரேம்நாத்தின் வண்டி மறுபடியும் கடைக்கு வந்திருந்தது. காலையிலிருந்து அதில்தான் வேலை செய்தேன். நாலு கதவின் உள்பலகையையும் கழற்றி, உள் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியை விடுவித்துவிட்டுப் பலகையைத் திரும்பப் பொருத்தினேன். கண்ணாடி இறக்கும் வயர்களையும் பிடுங்கிவிட்டேன். பிளேயருக்கு மட்டும் வெளியே இருந்து தனி பேட்டரியில் லைன் கொடுத்தேன், சாவி என் பையில் இருந்தது. பக்கக் கண்ணாடிகளில் போன வருஷம் நானே ஒட்டிய கெட்டி ஃபிலிம் இருக்கிறது, அதை உதைத்து உடைப்பது எளிதில்லை. வண்டி வெட்டவெளியில் நின்றது. நிழலுக்குத் தள்ளலாமா என்று யோசித்தேன். பெரிய வண்டி, ஒரு ஆள் தள்ள முடியாது.

பன்னிரண்டரை மணிக்கு இனியவனைக் கூப்பிட்டேன். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு நின்றான்.

"உக்காந்து கேட்டுச் சொல்லு. வலது பக்கம் எப்படி இருக்குதுன்னு நீயே சொல்லு" என்றேன்.

"சரி மாமா" என்று ஏறிக்கொண்டான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நான் கை நீட்டிச் சத்தத்தை முழுக்க வலது பக்கம் தள்ளி, வால்யூமை உச்சத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியிலிருந்து பூட்டினேன்.

நான் கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. முன் கண்ணாடி வழியாகக் குனிந்து தெளிவாகவே சொன்னேன். "சத்தம் வரலன்னு ஒத்துக்க. கட்ட வெரல கீழ காட்டு, தொறந்துடுறேன்." இரண்டு தரம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துக் காதுக்குப் பக்கத்தில் கையை ஆட்டினான், நான் சொல்வது கேட்கவில்லையாம். உள்ளே சத்தமே இல்லாதபோது நான் சொல்வது எப்படிக் கேட்காமல் போகும்? அங்கேயும் நடிப்பு.

பத்தடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் கைப்பிடியை இழுத்தான். சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. பிறகு மற்றக் கதவுகளை இழுத்தான். சீட்டில் மல்லாந்து படுத்துக் கண்ணாடியை உதைத்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் அமுக்கினான். அது ஹாரன் என்று எனக்குத் தெரியும். சத்தம் வரவில்லை. ஹாரனையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஆணியில் இருந்த சட்டைப் பையில் அவன் போன் வெளிச்சம் போட்டது. சிந்தாமணி கூப்பிடுகிறாள் என்று திரையில் இருந்தது. எடுக்கவில்லை. சட்டை வெயிலில் தொங்கியது, எடுத்து நிழலில் மாட்டினேன். பையில் மருந்துக் குப்பி இருந்தது. மடித்த ஒரு சீட்டும் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டரின் சீட்டு. மறுநாள் காலை பத்தரை மணிக்கு வரச் சொல்லி நேரம் போட்டிருந்தது. நோயாளி பெயர் என்று அச்சடித்த இடத்தில் இனியவன் கையெழுத்தில் கொளஞ்சிநாதன் என்று இருந்தது.

அந்தப் பெயரை இரண்டு தரம் படித்தேன், உண்மையைச் சொல்கிறேன். தொண்ணூறாம் நாள், சாமியிடம் நான் கேட்டது ஒரு பெயர், என் கையில் இருந்ததும் ஒரு பெயர். பிறகு தெளிந்தேன். இவ்வளவு நாளும் அக்காளும் தம்பியும் உட்கார்ந்து பேசியது இதுதான். எனக்குக் காது போய்விட்டது என்று ஒரு டாக்டர் கையால் எழுதி வாங்கிவிட்டால் அப்புறம் கடையில் நான் எதற்கு? வலது பக்கம் மந்தம் என்று நான் சொன்னால் யார் மதிப்பார்கள்? சாமி காட்டிவிட்டது என்று சீட்டை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

மருந்தைப் பார்த்தும் ஏன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். பத்தடிதான். கொடுத்திருப்பேன், அவன் ஒப்புக்கொண்டிருந்தால். நான் குப்பியைத் தூக்கிக் காட்டினேன்கூட. அவன் அதைப் பார்த்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான். கடைசியில் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். நான் சொன்ன அடையாளம் அதில்லை. கட்டை விரலைக் கீழே காட்ட எவ்வளவு நேரமாகும்?

ஒன்றே முக்கால் மணிக்கு எதிர்ப் பட்டறையிலிருந்து ஆட்கள் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்கள். முன்னால் வந்தது கண்ணம்மாள், பெட்டி அடுக்குகிற அம்மா. முதலில் பாட்டுச் சத்தம், பிறகு விடாமல் ஹாரன், ஏதோ சண்டை என்று இருந்துவிட்டார்களாம். ஹாரன் நின்ற பிறகுதான் பயம் வந்ததாம். சூளைச் செங்கல் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். நான் எழுந்து மறித்தேன். "இரும்மா, டெஸ்ட்டு முடியல" என்றேன். அவர் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடியில் செங்கலை அடித்தார். மூன்றாவது அடியில் உடைந்தது. அதற்குள் இனியவன் வலது கதவில் சாய்ந்துவிட்டான். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் தலை இருந்தது.

செய்தது நான்தான் ஐயா. கம்பியைக் கழற்றியது, வயரைப் பிடுங்கியது, கதவைச் சாத்தியது, மருந்தைக் கொடுக்காமல் வைத்திருந்தது, எல்லாம் நான் ஒருவனே. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. காரியம் முடிந்துவிட்டதால் கோயிலுக்கு ஒருமுறை போய்ப் பிராதைத் திரும்ப வாங்க வேண்டும், வாங்காமல் விட்டால் குறை என்பார்கள். அனுமதித்தால் ஒரு காவலரோடு போய் வந்துவிடுவேன்.

ஏட்டய்யா ஒவ்வொரு கேள்வியையும் தாளில் எழுதி என் முன்னால் வைப்பது நல்ல ஏற்பாடு. ஸ்டேஷனில் எல்லாரும் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசுவதைப் பார்த்தால் பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. சிந்தாமணியையும் காலையில் அழைத்து வந்தீர்கள். லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டாள். தம்பி போன துக்கத்தில்கூட அவளுக்குக் குரல் எழுப்பத் தோன்றவில்லை. அவளும் அவர்கள் பக்கம்தான்.

கடைசியாக ஒரு கேள்வி எழுதியிருக்கிறீர்கள். பாட்டும் ஹாரனும் அவன் அலறலும் ரோட்டைத் தாண்டிப் பட்டறைக்குள் வேலை செய்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது, பத்தடியில் உட்கார்ந்திருந்த உமக்குக் கேட்கவில்லையா என்று. கேட்கவில்லை ஐயா. ஒரு மணி நேரத்துக்கு மேல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த வண்டியிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. ஸ்பீக்கரை அவன் கெடுத்து வைத்திருந்தான் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?